இறங்கிப் பார்க்கும் சட்டம்

கோர்ட்டில் இருபத்துநாலு வாங்கியவன் யார் என்று நத்தக்குளம் பக்கத்தில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் வண்டியே சொல்லிவிடும். ஈ காக்கை இல்லாத ரோட்டில் ஹாரன் அடிப்பான். மின்னேற்று நிலையத்தில் நிறுத்திவைத்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டும் அடிப்பான். வீட்டில் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவான். டீக்கடை பெஞ்சில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கை மட்டும் தனியாகக் கிளம்பி, சட்டையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, காற்றில் எதையோ தேடி அழுத்தும். பார்த்தவர்கள் பார்க்காததுபோல இருந்துவிடுவார்கள்.

ரயில் கடவை ஆணையம் தன் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தது. ஓட்டுநர்களிடையே எச்சரிக்கை உணர்வு வளர்ந்திருக்கிறதாம். கரண்டியைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

பூவலிங்கம் இந்த விஷயத்தில் ஆணையத்தைவிட அதிகம் அலைந்தவர். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு மேலாக, ஓட்டம் இல்லாத நாட்களில், கடவை நீதிமன்ற வாசலில் போய் நிற்பார். இருபத்துநாலு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “ஐயா, அந்த மினிபஸ் கண்டக்டரம்மா இறங்கிப் பாத்தாளா?”

நாற்பத்தியொரு பேரிடம் கேட்டாகிவிட்டது. நாற்பத்தியொரு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

“இறங்கல.”

கேட்டவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கண்டக்டரம்மா, செல்லக்கிளி, பூவலிங்கத்தின் மனைவி.

துறைமுகத்திலிருந்து மேற்கே சுரங்கங்களுக்குப் போகும் சரக்குத்தடத்தைப் போட்டபோது, அது நாற்பத்தேழு இடங்களில் ஊர்ச் சாலைகளைக் குறுக்கே வெட்டியது. எல்லா இடத்திலும் கேட் போட்டு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்றார்கள். அதனால் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது, லீவும் கேட்காது.

சட்டம் எளிமையானதுதான். தண்டவாளத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னால் வண்டி நிற்க வேண்டும். ஒருவர் இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பத்து எண்ணும்வரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு வண்டிக்கு முன்னால் நடந்து அதைக் கடத்திவிட வேண்டும். பஸ் என்றால் இறங்க வேண்டியவர் கண்டக்டர். லாரி என்றால் கிளீனர், கிளீனர் இல்லாவிட்டால் ஓட்டுநரே.

ரயிலின் பங்குக்கு ஒரே ஒரு கடமை. கடவைக்கு அறுநூறு மீட்டர் முன்னால் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். அதைக் கண்டதும் ஹாரன் அடிக்க வேண்டும். மற்றபடி ரயில் சத்தமில்லாமல் தானாக ஓடும், தானாக நிற்கும். ஆனாலும் ஹாரன் அடிக்க எஞ்சினில் ஓர் ஆளை உட்காரவைத்தார்கள், ஏதாவது நடந்தால் பொறுப்பேற்க ஒரு மனிதன் வேண்டுமே. அவர் தூங்கிவிடாமல் இருக்க நெற்றியில் ஒரு வளையம் மாட்டினார்கள். நரம்பில் ஓடுவதையெல்லாம் அந்த நெற்றிவளையம் பதிந்துகொண்டே இருக்கும். என்ன பார்த்தார், என்ன கேட்டார், என்ன நினைத்தார், எவ்வளவு பயந்தார் எல்லாமே அதில் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், நத்தக்குளம் கடவையில் சரக்கு ரயில் மினிபஸ்ஸை அடித்தது. பயணிகள் எட்டுப் பேர், டிரைவர், கண்டக்டர் செல்லக்கிளி. பஸ்ஸில் வந்த ஒருவரும் மிஞ்சவில்லை. எஞ்சினின் முகப்பில் இருந்த கருவிகளும் நொறுங்கிப்போயின. எஞ்சின் ஓட்டுநர் ஞானமுத்து மட்டும் பிழைத்தார். ஆனால் தூக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வைத்தியர்கள் அவர் மூளையிலிருந்து அந்த இருபத்துநான்கு விநாடியை, மஞ்சள் பலகையிலிருந்து மோதல் வரைக்கும், முள்ளை எடுப்பதுபோல எடுத்தார்கள், தூக்கமும் பேச்சும் திரும்பி வந்தன. நெற்றிவளையத்தில் அதன் பதிவு மட்டும் மிச்சமிருந்தது.

அந்தப் பதிவைத் திரையில் போட்டுப் பார்க்க முடியாது. இன்னொரு மனித நரம்பில் செலுத்தினால்தான் அது விரியும். ஆணையத்தின் நிபுணர்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அதை வாங்கிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார்கள். நடத்துநர் இறங்கிப் பார்க்கவில்லை, படிக்கட்டில் நின்றபடியே விசில் கொடுத்திருக்கிறார் என்று மூன்று பேரும் ஒரே வாசகத்தில் எழுதினார்கள். அதோடு ஒரு யோசனையும் சொன்னார்கள். கடவைச் சட்டத்தை மீறுகிறவனுக்கு அபராதமும் வேண்டாம், ஜெயிலும் வேண்டாம். இந்த இருபத்துநான்கு விநாடியைக் கொடுத்தால் போதும்.

யோசனை பலித்தது. இரண்டே வருஷத்தில் இறங்காமல் கடக்கிறவர்கள் அருகிப்போனார்கள். வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

செத்தவர்களுக்குக் கடவையோரம் ஒரு கல் நட்டார்கள். அதில் ஒன்பது பெயர்கள். பத்தாவது பெயரைப் போட ஊர் சம்மதிக்கவில்லை. “எங்க ஆளுகளைக் கொன்னவ பேரு எங்க ஆளுக பேருக்குக் கீழ இருக்கணுமா?” என்று கேட்டார்கள். பூவலிங்கத்தின் லாரிக்குக் கிளீனராக வர ஒருத்தனும் முன்வரவில்லை. கடைசியில் மகள் சுடர்க்கொடி காலேஜை நிறுத்திவிட்டு அம்மாவின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள். கடவை வரும்போதெல்லாம் இறங்கி, பார்த்து, பத்து எண்ணி, விசில் ஊதி, அப்பாவின் லாரியைக் கடத்திவிடுவது அவள்தான்.

அந்த விசில்தான் அவளுடைய வழக்கும்.

“பஸ்ஸு வந்தது தெக்க இருந்து. விசில் கிடந்தது வடக்க, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இருபது எட்டு வச்ச தூரத்துல. படியில நின்னவ விசிலு அங்க எப்படிப்பா போகும்? அம்மா இறங்கியிருக்கா. முன்னால நடந்து அந்தப் பக்கம் போயிருக்கா.”

“அடிச்ச அடியில தெறிச்சுப் போயிருக்கும்ங்காங்களே.”

“சொல்லுதவங்க சொல்லட்டும். நீங்க நம்புதீகளா?”

பூவலிங்கம் நம்பவில்லை. செல்லக்கிளி பால் குக்கரை அடுப்பிலிருந்து இறக்குமுன் மூன்று தடவை பார்க்கிறவள். ஆனால் நாற்பத்தியொரு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், எதற்காக ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும்? ராத்திரி படுத்தால் இந்தக் கேள்வி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஞானமுத்துவையே ஒரு தடவை தேடிப் போனார். அவர் தோட்டத்தில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “எனக்கு அது சுத்தமா ஞாபகத்துல இல்லீங்களே,” என்றார் வருத்தத்தோடு. வலது கையால் அள்ளி அள்ளிப் பழையசோறு சாப்பிட்டார். நிம்மதியான மனிதராகத் தெரிந்தார். பூவலிங்கத்துக்கு அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

பதிவைத் தனக்குக் கொடுக்கும்படி ஆணையத்துக்கு எழுதிப் போட்டார். குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், அதே பதில் மறுபடி வந்தது. பிறகுதான் அந்தச் செய்தி. பதினோராயிரம் பேருக்குச் செலுத்தியதில் நத்தக்குளம் பதிவு மழுங்கிவிட்டதாம். ஒன்றாம் தேதியிலிருந்து வேறொரு விபத்தின் புதிய பதிவு வரும், பழையது அழிக்கப்படும்.

அன்றைக்குத் தேதி இருபத்தாறு.

மறுநாள் காலையில் சுடர்க்கொடியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் லாரியை எடுத்தார். பார்வையாளராகப் போனால்தான் தடை. குற்றவாளி யாருக்கு உறவு என்று சட்டம் கேட்கவில்லை. தன் சொந்தக்காரி சாவைப் பார்ப்பதற்காக ஒருவன் குற்றம் செய்வான் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை.

நத்தக்குளம் கடவை தெரிந்தது. மேற்கே தடம் சீமைக்கருவேலங் காட்டுக்குள் வளைந்து மறைகிறது. கடவையோரம் கம்பத்தில், மீறுகிறவர்களைப் படம் பிடிக்கும் கடவைக்கண் சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடிக் கோடு வந்தது, அவருடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அதைப் பிடுங்கி எடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. தொட்டித் தண்ணீர் முன்னும் பின்னும் மோத, லாரி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. அந்தப் பக்கம் போய் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சாவியை எடுப்பதற்குள் கைபேசியில் சம்மன் வந்துவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி நீதிமன்றத்துக்குப் போனபோது விஷயத்தைச் சொல்லித்தான் மகளைக் கூட்டிப்போனார். அவள் திட்டவில்லை. விசிலைக் கையில் பொத்திக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். “பாத்துட்டு வந்து சொல்லுங்கப்பா. எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்க,” என்றாள்.

உள்ளே தண்டனையை நிறைவேற்றும் பெண் அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் அங்கயற்கண்ணி என்று மேஜையில் பலகை இருந்தது. மேஜை ஓரத்தில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ், அதில் ஒரு கரண்டி. முகவரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நத்தக்குளமா? நீங்க... அந்தக் கண்டக்டரம்மா வீட்டுக்காரர்தானே? வாசல்ல வந்து நிப்பீங்களே.”

“ஆமா.”

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “அண்ணே, இது வேண்டாம். மேல்முறையீடு போடுங்க, நானே எழுதித் தாரேன். ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் வேற பதிவு வந்துரும். அதை வாங்கிக்கோங்க.”

“நீங்க இதைப் பாத்திருக்கீகளா?”

“வேலைல சேரும்போது எங்க எல்லாருக்கும் போடுவாங்க.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. அவ இறங்கினாளா?”

அங்கயற்கண்ணியின் வலது கை புடவையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டது. பிறகு மேஜை விளிம்பில் எதையோ அழுத்தியது. “இறங்கல,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நாற்பத்திரண்டு.

“நான் பாக்கணும்,” என்றார் பூவலிங்கம்.

நாற்காலியில் உட்காரவைத்து நெற்றிவளையத்தை மாட்டினாள். பட்டையை இறுக்கினாள். விசையைத் தட்டுமுன் அவர் காதருகே குனிந்து, “என்னை மன்னிச்சிருங்கண்ணே,” என்றாள். அவள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

குளிர்ந்த காற்று. மடியில் டிபன் பாக்ஸ். கையில் பிசைந்த தயிர்சோறு, வாயில் எலுமிச்சை ஊறுகாய். கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் பலகை வந்தது, போனது. ஹாரன் அடிக்கணும். பட்டன் வலது பக்கம். வலது கை எச்சில் கை. எச்சில் கையோட எப்படித் தொட? இடது கையில் டிபன் பாக்ஸ். கையைக் கழுவிட்டு அடிக்கலாம், நேரம் இருக்கு. தண்ணீர் பாட்டில் எங்கே? காலடியில் உருண்டிருந்தது. குனிந்து எடுத்தார். மூடி இறுக்கமாக இருந்தது.

நிமிர்ந்தபோது எஞ்சின் வளைவில் இருந்தது. எஞ்சினின் உயரத்திலிருந்து கருவேலங் காட்டுக்கு மேலாகக் கடவை தெரிந்தது. கோட்டில் நிற்கிற மினிபஸ். தண்டவாளத்தின் நடுவில் நீலச் சீருடையில் ஒருத்தி. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். காதருகே கையைக் குவித்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு. எட்டு.

கவனமான பொம்பளைதான், நின்னுக்கிடுவா. மூடி திறந்துவிட்டது. இந்தா, கையைக் கழுவிட்டு அடிச்சிருதேன்.

கைமேல் தண்ணீர் ஓடியது. அங்கே அவள் எண்ணி முடித்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டி, முன்னால் நடந்தாள். பஸ் அவள் பின்னால் வந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். பட்டனைத் தேடி அழுத்தினார். வளைவு முடிந்தது. ஹாரன் அலறியது. அவள் அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாள். திரும்பினாள். பஸ் தண்டவாளத்தின்மேல் மிரண்ட மாடுபோல நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்த விசிலைத் துப்பிவிட்டு, தண்டவாளத்தை நோக்கி, பஸ்ஸை நோக்கி ஓடிவந்தாள். கதவைப் பிடித்து இழுத்தாள். கடைசியாக ஒரு தடவை எஞ்சினை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. ஏன் அடிக்கல என்ற கேள்வி இருந்தது.

அதை அவள் பூவலிங்கத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

வளையத்தைக் கழற்றியபோது அவர் தன் வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கயற்கண்ணி தண்ணீர் கொடுத்தாள். ஒரே கொலையைச் செய்த இரண்டு பேர் ஓர் அறையில் இருந்தால் என்ன பேசுவார்கள்?

தாழ்வாரத்தில் நடக்கும்போது அவருக்கு எல்லாம் துலக்கமாகப் புரிந்தது. பதினோராயிரம் பேரைத் திருத்தியது ரயில் பயம் இல்லை. நாம் ஹாரன் அடித்திருந்தால் இவள் நின்றிருப்பாள் என்ற குற்றம். அது பதிவில் உள்ளதுபோலவே ஒவ்வொருவன் நெஞ்சிலும் இறங்கி, அவனவன் சொந்தக் குற்றமாகவே தங்கிவிடுகிறது. சொந்தக் குற்றத்தை யார் வெளியே சொல்வார்கள்? நிபுணர்கள் மூன்று பேரும் மறைத்தார்கள். வாசலில் நாற்பத்தியொரு பேர் மறைத்தார்கள். செய்தவர் மட்டும் கையால் அள்ளிப் பழையசோறு சாப்பிட்டுவிட்டு வெண்டைக்குத் தண்ணீர் விடுகிறார்.

நான் சொல்லிவிடுவேன், என்று பூவலிங்கம் நினைத்துக்கொண்டார். எனக்குத்தான் இது யாருடைய குற்றம் என்று தெரியுமே. நான் லாரி ஓட்டுகிறவன், அந்த எஞ்சினில் நான் ஏறியதுகூட இல்லை. வாசலுக்குப் போய், ‘உங்கம்மா இறங்கினா, பத்து எண்ணினா, அந்தப் பக்கம் போய்ப் பிழைச்சவ மறுபடி திரும்பி ஓடிவந்தா’ என்று சொல்ல வேண்டும். கல்லில் அவள் பேர் ஏறும். என் பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பாள்.

சுடர்க்கொடி எழுந்து ஓடிவந்தாள். “அப்பா! அம்மா இறங்கினாளா?”

செல்லக்கிளியின் கண்கள். அதே கேள்வி கேட்கிற கண்கள்.

இறங்கினாள் என்று சொன்னால், பிறகு ஏன் ரயில் அடித்தது என்று அடுத்து கேட்பாள். ஹாரன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் அடிக்கவில்லை என்பாள். எச்சில் கை, என்று சொல்ல வேண்டும். உங்கம்மாவையும் ஒன்பது பேரையும் ஒரு வாய் தயிர்சோற்றுக்காகக் கொன்றுவிட்டேன் என்று, பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். ஈரம் இன்னும் கையில் இருப்பதுபோலவே இருந்தது.

“இறங்கலம்மா,” என்றார்.

சொன்ன குரல் அவருடையதுதான். சொல்லிவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

சுடர்க்கொடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நல்லாப் பாத்தீகளாப்பா?”

“பாத்தேன். படியிலதான் நின்னா.”

அவள் அழவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டப்போன கை பாதியில் நின்றது. அதைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினாள். நீதிமன்ற வாசலிலிருந்து ஊர் எல்லை வரை பூவலிங்கம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

நத்தக்குளம் கடவை வந்தது. பன்னிரண்டு அடிக் கோட்டில் லாரியை நிறுத்தினார். ஒன்பது பெயர் எழுதிய கல் வெயிலில் நின்றது. சுடர்க்கொடி கதவைத் திறக்கவில்லை.

“ஏட்டி, இறங்கிப் பாரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? சட்டம்ட்டி. ரயில் வந்துச்சுன்னா?”

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். “இத்தனை நாளா அம்மா இறங்கினான்னுதான் நானும் இறங்கினேன். அவளே இறங்கல. நான் மட்டும் எதுக்கு இறங்கணும்? போங்க, பாத்துக்கலாம்.”

கடவைக்கண் சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது. பூவலிங்கம்தான் இறங்கினார். நடந்துபோய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்றார். கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். கருவேலங் காடு அசையாமல் நின்றது. காதருகே கையைக் குவித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பத்து எண்ணி முடித்தார். லாரியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மகள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இங்கே, இந்த இடத்தில் நின்றுகொண்டாவது சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார்.

அவருடைய வலது கை மெதுவாக எழுந்து, சட்டையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டது.